ஐந்தாவது மூழ்கல்

சுகிர்தா ஐந்தாவது தடவையாகச் சாகப்போகிற அன்று காலை, இரண்டு துண்டு பாண் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் புறப்பட்டாள். வெறும் வயிற்றோடு சாகக்கூடாது. முதல் தடவை அது தெரியாமல் போய், கண் விழித்ததும் கதிரையிலேயே சத்தி எடுத்திருந்தாள்.

படகு உரிமக் கூடம் துறைமுகத்தோடு ஒட்டியிருந்தது. நோர்வேயின் வடக்கில், மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே புகுந்து கிடக்கிற ஸ்தூர்நெஸ் என்ற சிறிய ஊர். கூடத்துக்குள் பல் வைத்தியரிடம் இருப்பதுபோல ஒரு சாய்கதிரை. அதன் தலைமாட்டில் நினைவேற்றி என்ற இயந்திரம். அதை இயக்குகிறவள் ஆரபி, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

“அன்ரி, போன முறை நீங்கள் படகு ஓடிக் காட்டேக்கை நான் யன்னலுக்குள்ளாலை பாத்தனான்,” என்றாள் ஆரபி, நெற்றிப் பட்டையை இறுக்கியபடி. “கரையிலை கட்டுற முடிச்சு வடிவாத்தான் போட்டனீங்கள். சோதனைகாரர் கிட்ட வர, அவிட்டு விட்டிட்டியள்.”

“கை நடுங்கிப்போச்சுது பிள்ளை.”

“நடுங்கின கை அவிழ்க்கிறதை மட்டும் அவ்வளவு கெதியா அவிழ்க்குமோ?”

சுகிர்தா கூரையைப் பார்த்தாள்.

“ஆக்கள் ஒருக்காச் செத்திட்டே ஒரு மாதம் நித்திரை இல்லாமத் திரியினம். நீங்கள் என்னெண்டா சீசன் ரிக்கற் எடுத்த மாதிரி வாறியள்.”

முன்பு இந்த நாட்டில், கோடையில் உல்லாசத்துக்குப் படகு எடுத்துப் போனவர்கள் நிறையச் செத்தார்கள். படிப்பில் குறை இல்லை. விதிகளைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்புவிப்பார்கள். ஆனால் குளிர்ந்த தண்ணீரில் விழுந்ததும் நெஞ்சு எப்படிப் பூட்டிக்கொள்ளும், கை எப்படி மரத்துப்போகும் என்பது உடம்புக்குத் தெரியாது. அது உடம்புக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் செத்துப்போயிருந்தார்கள். அப்படியென்றால் செத்தவர்களிடமே படிப்போம் என்று யாரோ ஒருவர் யோசித்தார். அதற்குப் பிறகு படகில் ஏறுகிற ஒவ்வொருவரும் மணிக்கட்டில் நாடிப்பட்டை கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆள் மூழ்கினால் அது அவருடைய கடைசி நிமிடங்களை, நரம்பில் ஓடியது ஓடியபடி பதிந்து வைத்துக்கொள்ளும். அந்தப் பதிவுக்கு மூழ்நினைவு என்று பெயர். புதிதாக உரிமம் கேட்டு வருகிறவர், படகில் கால் வைப்பதற்கு முன், கதிரையில் சாய்ந்து ஒரு மூழ்நினைவை வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தத் தண்ணீரில் ஓட்டப்போகிறவருக்கு இந்தத் தண்ணீரில் செத்தவருடையது. யாருடையது என்று சொல்லமாட்டார்கள். ஓட்டிக் காட்டுவதில் தவறினால், ஏற்றியது உடம்பில் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அடுத்த தடவை வேறு ஒருவருடையதை ஏற்றுவார்கள்.

சாவு பத்தில் ஒன்றாகக் குறைந்தது. வேறு நாடுகளிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

சுகிர்தாவுக்குள் இப்போது நான்கு பேர் இருந்தார்கள். விசிலடித்துக்கொண்டே விழுந்த ஒரு கிழவர். குடித்திருந்த ஒரு பெண். கரையில் நின்று குரைத்த நாயை நினைத்தபடி போன ஒருவன். நான்காமவர் ஒன்றையுமே நினைக்கவில்லை. அவர்களில் இரண்டு பேர் தங்கள் மிதவைச் சட்டையைத் தாங்களே கழற்றினார்கள். பதற்றத்தில் மனிதர் என்னதான் செய்யமாட்டார்கள் என்று அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவள் தேடியது வேறு.

அவள் தேடியது தன்னுடைய புருஷனை.

தயாநிதி இரண்டு வருடங்களுக்கு முன்னர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கப் படகில் போனவர். உடல் கிடைத்தது. மிதவைச் சட்டை தனியாகக் கிடைத்தது. நாடிப்பட்டை, ஆள் விழுந்ததும் தானாகவே மீட்பு நிலையத்தை அழைக்கும். அந்த அழைப்பின் ஒலியை அவளிடம் போட்டுக் காட்டினார்கள். அலை, மூச்சு வாங்கும் சத்தம். பிறகு அவருடைய குரல் ஒரு பெயரைக் கூப்பிட்டது. ராக்னில். ஒரு தடவை இல்லை, சத்தம் அடங்கும்வரை அதே பெயர்.

வெள்ளைக்காரப் பெண்ணின் பெயர். அப்படி ஒருத்தியை அவளுக்குத் தெரியாது.

இருபத்தாறு வருட வாழ்க்கையில் அவர் சுகிர்தா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. “இஞ்சாரும்” என்பார். அவளும் “இஞ்சாருங்கோ” என்பாள். புருஷனின் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று சொந்த ஊரான சுன்னாகத்தில் அவளை வளர்த்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டால்கூட அவருடைய அட்டையைத்தான் எடுத்துக் காட்டுவாள். பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியாத மனிதர் என்றுதான் அவரை நினைத்திருந்தாள். தெரிந்துதான் இருந்திருக்கிறது.

ஒலியைக் கேட்கும்போது அவருடைய சிநேகிதர் ஒருவரும் பக்கத்தில் இருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமையே கோயில் மண்டபத்தில் பெண்கள் குரலைத் தாழ்த்தினார்கள். ஒருத்தி நேராகவே கேட்டாள். “மீன் பக்டறியிலை இவரோடை வேலை செய்தவளோ தெரியேல்லை, என்ன?” அன்றைக்கு வீட்டுக்கு வந்து சுவரிலிருந்த அவருடைய படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் போட்டாள். ஆண்டுத் திவசம் இரண்டு தடவை வந்துபோனது. விளக்கு வைக்கவில்லை.

இதையெல்லாம் அவள் ஆரபியிடம் சொல்லி, அவருடைய மூழ்நினைவையே ஏற்றிவிடும்படி கேட்டாள். நெற்றியில் பட்டை, கையில் ஊசி குத்திய பஞ்சு, அப்படியே கதிரையில் கிடந்தபடி.

“அன்ரி, இதைக் கேட்டதே பிழை. நான் உங்களை இப்பவே வீட்டை அனுப்ப வேணும்.”

“அனுப்பு பிள்ளை. நான் திரும்ப வருவன்.”

“கண்டு என்ன செய்யப்போறியள்? அவள் ஆரெண்டு தெரிஞ்சா?”

“படத்தைத் திருப்பிக் கொழுவுறதோ எரிக்கிறதோ எண்டு முடிவெடுப்பன்.”

ஆரபி நினைவேற்றியின் பலகைப் பக்கம் திரும்பினாள். பெயர்கள் அவளுக்கும் தெரியாது. ஆனால் எந்த மாதம், எந்தத் துறையிலிருந்து போன படகு என்று பலகையில் தெரியும்.

“எந்த மாதம்?” என்று கேட்டாள்.

“புரட்டாதி.”

“தமிழ் மாதம் எனக்கெங்கை விளங்கும் அன்ரி.”

“செப்டெம்பர் கடைசி.”

பிறகு கூரை மறைந்தது.

குளிர் வரவில்லை. முதலில் வந்தது இருமல். படகில் உட்கார்ந்திருக்கிற உடம்பு இருமியது. கை நீண்டு தேநீர்க் குடுவையைத் திறந்தது. இஞ்சி கூடிப்போன தேநீர், தொண்டை எரிந்தது. அந்த எரிச்சலிலேயே சுகிர்தாவுக்குத் தெரிந்துவிட்டது. இருமலுக்கென்று அன்று இஞ்சியைக் கூடுதலாகத் தட்டிப் போட்டவள் அவள்தான். நிச்சயமாக்கிக்கொள்ள இடது கையைத் தேடினாள். நடுவிரலில் நுனி இல்லை. மீன் வெட்டும் இயந்திரம் எடுத்த நுனி.

தூண்டில் இழுத்தது. அவர் எழுந்தார். படகு சரிந்தது.

நெஞ்சு பூட்டிக்கொண்டது. மூச்சு வரவில்லை, பிறகு வந்தது. மிதவைச் சட்டை உடம்பைத் தூக்கிப் பிடித்தது. படகு எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நின்றது. இரண்டு தடவை கால் உதைத்தால் போதும். தெரிந்த முடிவையும் மறந்து, இவர் தப்பிவிடுவார் என்று அவள் நினைத்தாள்.

அப்போது கைகள் சட்டையின் பூட்டுக்குப் போயின.

ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை. உடம்புக்கு விளங்கியது. அந்த உடம்புக்குள் இன்னொரு உடம்பு மூழ்கிக்கொண்டிருந்தது. அந்த மற்ற உடம்பின் சட்டை வார், தாழ்ந்துகொண்டிருக்கிற படகின் கயிற்றில் மாட்டியிருந்தது. படகு போகிற ஆழத்துக்கெல்லாம் அது கூடப் போனது. கழற்று, கழற்று என்று அது கத்தியது. முதலே கழற்றியிருக்க வேண்டும் என்பதுதான் அது கடைசியாகப் படித்த பாடம். தயாநிதியின் கைகள் அந்தப் பாடத்தை அப்படியே செய்தன. கயிறும் இல்லை, மாட்டலும் இல்லை. பூட்டு விட்டுப்போனது. சட்டை மிதந்து விலகியது.

கூடவே, படகுத்துறையில் சிவப்புக் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிற ஐந்தாறு வயதுப் பிள்ளை ஒன்று தெரிந்தது. தயாநிதி வாழ்நாளில் பார்த்திராத பிள்ளை. அதைப் பார்த்து அந்த உடம்பு கூப்பிட்டது. ராக்னில்.

சுகிர்தா அந்த நினைவுக்குள் தன்னைத் தேடினாள். மூச்சு முடிகிறவரை தேடினாள். தொண்டையில் மட்டும் கொஞ்சம் இஞ்சி மிச்சமிருந்தது.

கண் விழித்தபோது ஆரபி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அவர்தானோ அன்ரி?”

“ஓம்.” தண்ணீர் வாங்கிக் குடித்தாள். “அவருக்கு ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. அது வேறை ஆரோ ஒருத்தன்ரை மகள். இவர் லைசன்ஸ் எடுக்கேக்கை நீங்கள் ஏத்தி விட்டவன்ரை மகள்.”

ஆரபிக்கு உடனே விளங்கவில்லை. சுகிர்தா நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னாள். கயிற்றைச் சொன்னாள், பூட்டைச் சொன்னாள். பூட்டு என்றதும் ஆரபி எழுந்து நின்றுவிட்டாள்.

“இப்ப வாற பதிவு எல்லாத்திலையும் ஆக்கள் சட்டையைக் கழட்டுகினம்,” என்றாள் மெதுவாக. “பூட்டிலைதான் பிழையெண்டு போன வருசம் பூட்டை மாத்தினவை. இறுக்கமான பூட்டு.”

“பூட்டிலை ஒரு பிழையும் இல்லை. முதல் செத்தவன் படிச்சது அவன்ரை சாவுக்குச் சரி. அதை வைச்சு இவர் செத்தார். இவரை வைச்சு இன்னும் எத்தினை பேருக்கு ஏத்தினனீங்களோ.”

“அன்ரி, நான் பதினாறு வயசிலை லைசன்ஸ் எடுத்தனான்.” ஆரபியின் கை தன் நெஞ்சுக்குப் போய், அங்கே இல்லாத ஒரு பூட்டைத் தடவிவிட்டு இறங்கியது. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. சுகிர்தா கவனித்தாள். சொல்லவில்லை.

ஆரபி அன்றைக்கே மேலிடத்துக்குச் சொன்னாள். அவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். பத்துப் பேர் செத்த இடத்தில் இப்போது ஒருவர்தான் சாகிறார், அந்த ஒருவருக்காக ஒன்பது பேரைக் கைவிட முடியுமா என்று திருப்பிக் கேட்டார்கள். பூட்டை இன்னும் இறுக்கமாக்குவதாகச் சொன்னார்கள்.

இந்த முறை ஓட்டிக் காட்டும்போது சுகிர்தா முடிச்சை அவிழ்க்கவில்லை. சிவப்பு மிதவையைச் சுற்றி ஒழுங்காகத் திருப்பினாள். வேகத்தைக் குறைக்க வேண்டிய இடத்தில் குறைத்தாள். சோதனைகாரர் பெரிய தாடி வைத்த, அதிகம் பேசாத மனிதர். திரும்பி வரும்போது பயணிகள் கப்பல் ஒன்று கடந்துபோக, அதன் அலை வந்து படகின் விலாவில் அறைந்தது. படகு சரிந்தது. அவளுடைய வலது கை சட்டையின் பூட்டில் இருந்தது. எப்போது போனது என்று அவளுக்குத் தெரியாது. இடது கையால் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

“ராக்னில் யார்?” என்று கேட்டார் சோதனைகாரர். “மகளா?”

தான் கூப்பிட்டதே அவளுக்குக் கேட்டிருக்கவில்லை.

“இல்லை,” என்றாள். “தெரியாது.”

அவர் தலையாட்டினார். இந்த வேலையில் அவர் இப்படி நிறையப் பெயர்களைக் கேட்டிருக்க வேண்டும். பயம் நன்றாகப் பிடித்திருக்கிறது, உரிமம் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டுக் கரையில் குதித்தார்.

அந்தப் புரட்டாதியில் சுகிர்தா படத்தைத் திருப்பிக் கொழுவினாள். திவசத்துக்குப் பதினொரு கறி வைத்தாள். கோயில் மண்டபத்துப் பெண்களுக்கும் சொல்லி அனுப்பினாள். அவர்கள் வந்து சாப்பிட்டார்கள். ராக்னில் யார் என்று அவள் சொன்னபோது, “பாவம், அவ மனசைத் தேத்திறதுக்குச் சொல்லுறா,” என்பதுபோல ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். மெசின் பிழை விட்டதென்று நம்புவதைவிட, ஆம்பிளை பிழை விட்டானென்று நம்புவது அவர்களுக்குச் சுகமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாடகைப் படகு ஒன்று எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள். நாடிப்பட்டையைக் கட்டிக்கொண்டாள். மலை நிழல் விழுகிற இடத்தில் இயந்திரத்தை நிறுத்தினாள். சுற்றிலும் ஒருவரும் இல்லை. ஆனாலும் ஒருமுறை கரையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு புருஷனின் பெயரைச் சொன்னாள்.

“தயாநிதி.”

வெட்கமாக இருந்தது. ஆயுள் குறைய இனி அவருக்கு ஒன்றும் இல்லை என்று தன்னையே தேற்றிக்கொண்டு இன்னொரு முறை சொன்னாள். கொஞ்சம் உரத்து. வாய்க்குப் பழகினால் விழுகிறபோதும் அதுவே வரும். தான் ஒருநாள் விழுந்தால், தனக்குப் பிறகு அந்தக் கதிரையில் சாய்கிற முகம் தெரியாத ஒருத்தியின் தொண்டைக்குள் இந்தப் பெயராவது போய்ச் சேரட்டும் என்பதுதான் அவளுடைய கணக்கு. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதுபோல, தயாநிதி, தயாநிதி என்று அந்த வாய்க்கு அவள் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

தூரத்தில் கப்பல் ஒன்று கடந்தது. அதன் அலை மெல்ல உருண்டு வந்து படகைத் தூக்கி, சரித்தது.

“ராக்னில்,” என்றது வாய்.

மணிக்கட்டில் நாடிப்பட்டையின் பச்சை விளக்கு, அதைப் பதிந்துகொண்டதுபோல, ஒருமுறை மின்னி அடங்கியது.