முதலில் எடுத்து வைத்த கேசரி

"பாழாப்போன மழை..."

பள்ளி வராந்தாவில் யாரோ தமிழில் முணுமுணுத்தார்கள். மனோகர் திரும்பிப் பார்த்தான். நனைந்த முந்தானையைப் பிழிந்தபடி ஒரு பெண். அவள் இமையில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"நீங்க தமிழா மிஸ்?"

சட்டென்று நிமிர்ந்தாள். பெரிய கண்கள்... மாட்டிக்கொண்ட கண்கள்.

"ஆமா சார். ஐடா. இங்க ஆஃபீஸ் கிளார்க். வீடு தங்கச் சுரங்கத்துப் பக்கம், ஸ்கெலட்டன் லைன்ல."

"நான் பக்கத்துல நந்திதுர்க் லைன்! மேக்ஸ் கெஸ்ட் டீச்சர். இன்னிக்குத்தான் சேர்ந்தேன்."

அந்தக் கிராமத்து அரசுப் பள்ளியில் எல்லோரும் கன்னடம், மிஞ்சினால் தெலுங்கு. ஐடா ஒருத்திதான் தமிழ், ஒருத்திதான் கிறிஸ்தவள். காலையில் பஸ் ஏறினால் வீடு திரும்பும்வரை அவள் தமிழுக்கு வேலையே இல்லை. அதனாலோ என்னவோ, அந்த 'மிஸ்' காதில் தித்தித்தது.

அன்று பள்ளியில் பிள்ளையார் பூஜை. சற்று நேரத்தில் மனோகர் ஒரு தொன்னையோடு வந்து நின்றான்.

"கேசரி மிஸ். சூடா கீது."

"வேணாம் சார்."

"அட, வெக்கப்படாதீங்க."

"சாமிக்குப் படைச்சது... நாங்க சாப்பிடறதில்ல."

"இன்னா மிஸ்! எங்க லைன்ல மரியகுழந்தை அண்ணன் கீறாரு. அந்தோணியார் கோயில் ஆளு. ரெண்டாவது தபா கேட்டு வாங்கித் துன்னுவாரு!"

"அப்ப அவருக்கே கொண்டுபோய்க் குடுங்க!"

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

ஐயோ, இப்படியா வெடுக்கென்று பேசுவேன்? மற்ற பூஜைகளில் கன்னடத்தில் 'வயிறு சரியில்லை' என்று சிரித்தபடி பொய் சொல்லித் தப்பியவள். இன்று தமிழில் கேட்டுவிட்டார்கள். தமிழில் பொய் வரவில்லை.

மறுநாளிலிருந்து ஒரே பஸ். அவன் பின்னால், அவள் முன்னால். பள்ளியில் இரண்டே பேர் தமிழ்... இரண்டு பேரும் ஊமை. அவன் மனைவி லதா இறந்து இரண்டு வருடம் ஆகிறது என்பதைக்கூட ஸ்டாஃப் ரூமில் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். தினமும் மன்னிப்புக் கேட்க நினைப்பாள். தினமும் பஸ் ஊர் சேர்ந்துவிடும்.

பிப்ரவரியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பரீட்சைக்காக சரஸ்வதி பூஜை. கேசரி மனோகர் பொறுப்பு. ஐடா வழக்கம்போல ஆஃபீஸ் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

கதவு திறந்தது. மேசைமேல் ஒரு எவர்சில்வர் டப்பா.

"சார்... திரும்பவுமா?"

"இது படைச்சது இல்ல மிஸ். பூஜைக்கு முன்னாடியே எடுத்து வெச்சிட்டேன்."

சாமிக்கு முன்னாலா... எனக்கா? அவள் கண்கள் டப்பாவை விட்டு நகரவில்லை.

"யாரைக் கேட்டு எடுத்தீர்கள்?"

வாசலில் தலைமையாசிரியர் ராஜப்பா. அவன் டப்பாவில் எடுத்ததைப் பார்த்துப் பின்னாலேயே வந்திருந்தார். கன்னடத்தில் வெடித்தார். "படைக்குமுன் எடுத்துவிட்டு, மிச்சத்தையா சாமிக்கு வைக்கப் போகிறோம்?"

அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த வருடம் மனோகருக்கு இங்கே வேலை இல்லை. அவன் தலை குனிந்தான்.

"தப்பு என்னுடையதுதான் சார்."

ஐடா எழுந்தாள். கன்னடத்தில்தான் சொன்னாள்.

"எனக்காக எடுத்தார் சார். பூஜை நாளிலெல்லாம் வயிறு சரியில்லை என்றேனே... பொய். படைத்ததை நான் சாப்பிட மாட்டேன். சொல்ல பயம். திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள்."

ராஜப்பா அவளையே பார்த்தார்.

"அத்தனை பூஜைக்கும் பசியோடா உட்கார்ந்திருந்தாய், அம்மா?"

அவர் குரல் இறங்கியது.

"மனோகர், அடுப்பு அணையவில்லை. சாமிக்குப் புதிதாகக் கிண்டுங்கள். பூஜை காத்திருக்கும்."

மாலை. பஸ் நிறுத்தத்தில் இருவர் மட்டும்.

"ரெண்டாவது கேசரி கட்டி கட்டியா பூடுச்சு மிஸ்."

ஐடா சிரித்துவிட்டாள். மாதக்கணக்கில் அடைத்து வைத்த சிரிப்பு...

"அன்னிக்கு வெடுக்குனு பேசிட்டேன். ஸாரி சார்."

"நான்தான் மரியகுழந்தை அண்ணன் மாதிரியே எல்லாரும்னு நெனச்சிட்டேன்."

"எதுக்கு எனக்கு எடுத்து வெச்சீங்க?"

அவன் சாலையைப் பார்த்தபடி சொன்னான். "ரவை வறுக்கறப்ப, நீங்க தனியா குந்திக்கினு இருக்கறது நெனப்பு வந்துச்சு. பூஜை இல்லாத நாள்லயும் வருது... அதான் பயமா கீது."

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள்.

"எனக்கும்தான்..."

"அவசரப்படாதீங்க மிஸ். வருஷா வருஷம் வூட்ல லதாவுக்குப் படையல் போடுவேன். அத மட்டும் நிறுத்த மாட்டேன்."

சர்ச்சில் முதல் வரிசையில் நின்று பாடும் அப்பா ஏனோக்கின் முகம் அவள் கண்முன் வந்தது. அவரிடம் பேச வேண்டும். பேசுவாள். அதற்கு முன்...

"நிறுத்தச் சொன்னேனா? அவங்களுக்கு இன்னா புடிக்கும்?"

இத்தனை நாளில் யாரும் அவனிடம் இதைக் கேட்டதில்லை.

"...வறுத்த மீனு."

"படைச்சப்புறம் எனக்கு வேணாம்," என்றாள் ஐடா, தலை நிமிர்த்தி. "ஆனா நான்தான் வறுப்பேன்."