பெல்ட்டில் வந்தவன்

விமான நிலையத்தில் பெட்டிகள் வரும் நாலாம் நம்பர் பெல்ட் ஒரு வழியாக அசைந்தது.

காத்துக் காத்துக் கால் கடுத்துப்போன பயணிகள் கை தட்டினார்கள். கிண்டலாக.

"அப்பாடா! மிஷினுக்குத் தூக்கம் தெளிஞ்சிடுச்சு!" என்றார் ஒரு வழுக்கைத்தலைக்காரர்.

ரப்பர் திரை விலகியது. ஒரு நீலப் பெட்டி வந்தது. ஒரு கிழிந்த பை வந்தது. சக்கரம் கழன்ற குழந்தை வண்டி ஒன்று வந்தது.

அப்புறம்...

ஒரு ஜோடி பூட்ஸ்.

பூட்ஸுக்குள் கால்கள். கால்களுக்கு மேல் ஆரஞ்சு நிறச் சீருடை. சீருடைக்கு மேல், மூடாத கண்களோடு ஒரு முகம்!

"ஐயோ... பொணம்!"

ஒரு பெண்ணின் அலறல் கூரையில் மோதித் திரும்பியது. கூட்டம் சிதறியது. பெல்ட் மட்டும் கவலையே படாமல் அவனைச் சுமந்துகொண்டு வளைவில் திரும்பியது.

கன்ட்ரோல் ரூமில் இருந்த பொறியாளர் டிவி திரையில் அதைப் பார்த்தாள். சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தாள்.

பெல்ட் நின்றது.

அந்த முகம் சரியாக கேமராவுக்குக் கீழே நின்றது.

"மாப்பிள்ள...!"

அவள் தங்கையின் புருஷன். அந்த டெர்மினலின் மெக்கானிக். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான்!

*

புது டெர்மினல். திறப்பு விழாப் பூக்கள்கூட இன்னும் முழுசாக வாடவில்லை.

'விமானத்திலிருந்து உங்கள் கைக்கு... மனிதக் கை படாமல்!' என்று விளம்பரம் செய்திருந்தார்கள். ஆனால் மிஷின் ஒருத்தர் பெட்டியை விழுங்கி, இன்னொருத்தர் பெட்டியைத் துப்பியது.

அந்த மிஷினுக்குப் பொறியாளர் அவள். ஊழியர்கள் எல்லோரும் 'கன்ட்ரோல் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

கன்ட்ரோல் அக்கா இப்போது பலகையில் இருந்த ஒரு விசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தரைக்குக் கீழே சுரங்கத்தில் ஓடும் பெல்ட்டில் ஒரு சென்சார் உண்டு. அளவுக்கு மீறி நீளமாக எது வந்தாலும் அது கண்டுபிடிக்கும். உடனே ஓர் இரும்புக் கை நீண்டு, வந்ததை ஏழாம் லைன் என்ற தனிப் பாதைக்குத் தள்ளிவிடும். அங்கே ஆட்கள் இருப்பார்கள். தவறி ஆளே விழுந்தாலும் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவான். பிழைத்துக்கொள்வான்.

ஆனால் அந்தச் சென்சார் திறந்த நாளிலிருந்தே பைத்தியம் பிடித்த மாதிரி வேலை செய்தது. கைப்பையைக்கூட நீளம் என்று சொல்லி ஏழாம் லைனுக்குத் தள்ளியது.

இன்று காலை அவள் அதை அணைத்துவிட்டாள்!

கதவு படாரென்று திறந்தது. டெர்மினல் மேனேஜர். டை ஒரு பக்கம், மூச்சு ஒரு பக்கம்.

"சென்சார் ஆஃப்லதான இருக்கு?"

"ஆமா சார். நீங்கதானே காலைல, 'ஏதாவது பண்ணு, பெட்டி வெளிய வந்தா போதும்'னு..."

"நான் ஏதாவது பண்ணுன்னுதான் சொன்னேன். அதைப் பண்ணுன்னு சொன்னேனா?"



மேனேஜர் குரலைத் தாழ்த்தினார்.

"வேற யாருக்கும் தெரியாதே?"

"தெரியாது."

"அப்ப பேசாம ஆன் பண்ணிடு. பெல்ட்டுல தவறி விழுந்தான், தலைல அடிபட்டுது, விபத்து. முடிஞ்சுது கதை. உன் வேலையும் பிழைக்கும், என் வேலையும் பிழைக்கும்."

"செத்தது என் தங்கச்சி புருஷன் சார்!"

"அதனாலதாம்மா சொல்றேன்... உன் தங்கச்சிக்குத் தெரிஞ்சா தாங்குவாளா?"

மேனேஜர் போய்விட்டார்.

விசையின் மேல் அவள் விரல் நின்றது. தட்டினால் போதும். தடயமே இருக்காது.

அப்போது கைபேசி அலறியது. விசையைத் தட்டாமலே விரலை எடுத்தாள். தங்கை!

"அக்கா... வரவேற்புல உக்கார வெச்சிருக்காங்க. ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறாங்க. நீ வாயேன்..."

*

தங்கை அழவில்லை. அதுதான் அக்காவுக்குப் பயமாக இருந்தது.

"பாத்துட்டேன்க்கா. உள்ள கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க."

அவள் தங்கையின் தோளைத் தொடப் போனாள். கை பாதியில் நின்றது. இந்தக் கையால்தானே...

"ஒண்ணு கேக்கறேன். காலைல உங்கிட்ட ஏதோ பேசணும்னு சொல்லிட்டுப் போனாரு. ராத்திரியெல்லாம் புரண்டுட்டே இருந்தாரு. பேசினாரா?"

வந்தான். காலையில் மாப்பிள்ளை கன்ட்ரோல் ரூம் வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். 'அக்கா, ஒரு நிமிஷம்' என்றான். 'இருக்கற தலைவலி போதாதா மாப்பிள்ள, சாயந்தரம் பாக்கலாம்' என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"சொல்லுக்கா. பேசினாரா?"

"இல்ல..."

பொய் சொல்லிவிட்டாள். அதற்கு மேல் அவளால் அங்கே உட்கார முடியவில்லை.

எழுந்தாள். நேராக நடந்தாள். போலீஸுக்கு ஒதுக்கியிருந்த அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

"இன்ஸ்பெக்டர் சார்! அவரைக் கொன்னது நான்தான்!"

*

இன்ஸ்பெக்டர் சாவகாசமாக நிமிர்ந்தார். குண்டான ஆள். உட்கார்ந்த நாற்காலி அவரைப் பார்த்துப் பரிதாபமாக முனகியது.

"உக்காருங்க. முதல்ல தண்ணி குடிங்க. கொலைகாரங்களுக்கும் தாகம் எடுக்கும்."

எல்லாவற்றையும் சொன்னாள். சென்சார், ஏழாம் லைன், மேனேஜர் சொன்னது, தங்கையிடம் சொன்ன பொய்... ஒன்று விடாமல்.

"ஆக, சென்சார் ஆன்ல இருந்திருந்தா அவரு ஏழாம் லைனுக்குப் போயிருப்பாரு."

"ஆமா சார். பிழைச்சிருப்பாரு. நான் ஆஃப் பண்ணினதால சுரங்கம் முழுக்க இழுத்துட்டுப் போய், இரும்புல மோதி..."

"மோதவே இல்லம்மா."

"என்ன...?"

"டாக்டர் பாத்துட்டாரு. பின்மண்டைல ஒரே அடி. உயிர் போன பிறகுதான் பெல்ட்டுல ஏத்தியிருக்காங்க. சுரங்கத்து இரும்புல ஒரு சொட்டு ரத்தம் இல்ல. பெல்ட் ஓரமாத் தரைல இருந்துது... யாரோ அவசரமா கழுவியிருக்காங்க."



"கொலையா...?"

"கொலைதான். எனக்குப் புரியாத விஷயம் ஒண்ணுதான். கொன்னவன் பொணத்தை ஒளிப்பான். எவனாவது இத்தனை பேருக்கு நடுவுல ஊர்வலம் விடுவானா? இப்ப நீங்க சொன்னப்புறம் புரியுது..."

நாற்காலிக்கு விடுதலை கொடுத்துவிட்டு எழுந்தார்.

"பொணத்தைச் சுரங்க நடைபாதைல தூக்கிட்டுப் போனா கேமராவுல தெரியும், பெல்ட்டுல கேமரா கிடையாது. அவன் பொணத்தை வெளிய அனுப்பலம்மா. ஏழாம் லைனுக்கு அனுப்பினான்! அங்க யாரு பொறுப்பு?"

*

ஏழாம் லைன் சூப்பர்வைசர் ஒல்லியாக, ஒழுங்காகத் தலை வாரி, வருத்தமாக நின்றிருந்தான். பக்கத்தில் தார்ப்பாய் போட்ட பெரிய தள்ளுவண்டி.

"தங்கமான பையன் சார். மனசே ஆறல."

"அந்த நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இதே இடத்துலதான். நகரவே இல்ல."

"கூட வேலை பாக்கற ரெண்டு பேரு?"

"டீ குடிக்க அனுப்பினேன். பாவம், வேலை ஜாஸ்தி."

"வேலை ஜாஸ்தியா?" இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, காலைலேர்ந்து இங்க எத்தனை பெட்டி வந்திருக்கும்?"

"ஒண்ணுகூட வந்திருக்காது சார்" என்றாள் அவள். "சென்சாரைத்தான் நான் ஆஃப் பண்ணிட்டேனே."

சூப்பர்வைசர் முகம் வெளுத்தது.

"ஆஃப்பா? காலைலேர்ந்தா? அதை எங்கிட்ட சொல்ல வேணாமாக்கா? நான் இங்க எவ்வளவு நேரம் காத்து..."

சட்டென்று வாயை மூடினான்.

"சொல்லுங்க" என்றார் இன்ஸ்பெக்டர் அன்பாக. "எதுக்குக் காத்திருந்தீங்க?"

பதிலுக்குத் தள்ளுவண்டிதான் வந்தது... இன்ஸ்பெக்டர் வயிற்றை நோக்கி! அவர் தடுமாறி விழ, சூப்பர்வைசர் பெல்ட்டில் தாவி ஏறிச் சுரங்கத்துக்குள் பாய்ந்தான்.

"புடிங்க அவனை!"

கான்ஸ்டபிள்கள் ஓடினார்கள்.

"வேணாம்!" என்று கத்தினாள் அவள். "நடைபாதைக் கதவு பூட்டியிருக்கு. மெயின் பெல்ட்டைத் தவிர அவனுக்கு வேற வழியே இல்ல!"

சுவரில் இருந்த பெட்டியைத் திறந்தாள். காலையில் அணைத்த சென்சாரை உயிர்ப்பித்தாள். பெல்ட்டை ஓடவிட்டாள்.

சுரங்கம் உறுமியது.

ஒரு கணம்... இன்னொரு கணம்...

'தடால்!'

யாரோ விழும் சத்தம். இரும்புக் கை நீளும் கிறீச். ரப்பர் திரை விலகியது.

தலை கலைந்து, ஒரு பூட்ஸைப் பறிகொடுத்து, மல்லாந்த நிலையில் சூப்பர்வைசர் வந்து சேர்ந்தான்!

விலங்கு மாட்டியதும் அழுதான்.

"பெட்டிங்க தானா இங்க வந்துச்சு சார். திறந்து நகையும் சாமானும் எடுத்தேன். எது காணாமப் போனாலும் எல்லாரும் புது மிஷினைத்தான் திட்டினாங்க. அவன் பாத்துட்டான்... 'அக்காவுக்குக் கேக்க நேரமில்ல, நான் போலீஸுக்கே போறேன்'னான். திரும்பி நடந்தான். என் கைல ஸ்பேனர் இருந்துது..."



அவள் கொலை செய்யவில்லை. ஒரு நிமிஷம் கொடுக்கவில்லை. அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' நெஞ்சில் பாறையாக உட்கார்ந்தது.

*

தங்கை இன்னும் அதே நாற்காலியில் இருந்தாள். அக்கா தரையில் மண்டியிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். இந்த முறை பொய் இல்லை.

"வந்தாரு. 'ஒரு நிமிஷம்'னாரு. நான் திரும்பிக்கூடப் பாக்கல. என்னை அடிச்சுடு. திட்டிடு. ஏதாவது பண்ணு..."

 தங்கை முதன்முதலாகக் கண் கலங்கினாள்.

"ராத்திரி எங்கிட்டயும் ஆரம்பிச்சாருக்கா. 'தூக்கம் வருது, அப்புறம் சொல்லுங்க'ன்னு திரும்பிப் படுத்துட்டேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

கொஞ்சம் தள்ளி நின்ற இன்ஸ்பெக்டரிடம் மேனேஜர் டையைச் சரிசெய்துகொண்டே வந்தார்.

"சார், இந்தச் சென்சார் விஷயத்தைப் பெரிசு பண்ண வேணாமே..."

"பண்ணுவேன். அந்தம்மாவுக்கு விசாரணை உண்டு. உங்களுக்கும் உண்டு. அவங்க தானா வந்தாங்க. உங்களை நான் கூப்பிட்டு அனுப்பறேன்."

மேனேஜர் வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

"வெளிய பத்திரிகைக்காரங்க நிக்கறாங்க சார். எங்க மிஷினைப் பத்தியாவது நல்லதா ஒரு வார்த்தை..."

"ஓ, தாராளமா!" என்றார் இன்ஸ்பெக்டர். "திறந்ததுலேர்ந்து இன்னிக்குத்தான் ஒரே ஒரு உருப்படி, ஆள் மாறாம, போக வேண்டிய இடத்துக்கு நேரா போகுது... ஜெயிலுக்கு!"