உப்பளத்துக்கு அப்பால் மஞ்சமட்டி

"உப்பளத்துக்கு அப்பால மட்டி கீதுன்னு எவன் சொன்னான்? அங்க போனவன் எவனும் திரும்பி வந்ததில்ல" என்றார் படகுக்காரர் தேசப்பன்.

"போனவன்னு எவனும் இல்லவே இல்லண்ணா! போனாத்தானே திரும்பி வர்றதுக்கு!" என்றபடி பச்சையம்மா குடத்தைப் படகில் ஏற்றினாள்.

அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் ஆற்றுச் சேற்றில் கைவிட்டு இறாலும் மட்டியும் துழாவி எடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தக் கை முழுக்க இப்போது வெட்டுக்காயம். எல்லாம் காக்கா ஆழியின் வேலை. தூரதேசத்துக் கப்பல்கள் பாரத்துக்காக நிரப்பி வரும் கடல்நீரை நம் துறைமுகத்தில் கொட்டிவிட்டுச் சரக்கு ஏற்றும். அந்த நீரோடு வந்து இறங்கிய கறுப்புச் சிப்பி அது. சில வருஷங்களில் ஆற்றின் அடிமண் மொத்தத்தையும் மூடிவிட்டது. அதன் அடியில், ஊர் அள்ளி விற்றுப் பிழைத்த மஞ்சள் சிப்பியான மஞ்சமட்டி மூச்சுமுட்டிச் செத்தது. இறாலும் போயிற்று. குடியிருப்பில் பாதிப் பேர் செங்கல் சூளைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

மீதிப் பேரை நிறுத்த ஒரே வழிதான் இருந்தது. எங்கேயாவது உயிரோடிருக்கும் மட்டியைக் கொண்டுவந்து, சிப்பியைக் கையால் பெயர்த்துச் சுத்தம் செய்த திட்டில் விதைக்க வேண்டும்!

குடத்தில் ஊர் ஆற்றுத் தண்ணீர். மட்டியை இடம் மாற்றுவதற்கு முன், அது போகப்போகிற ஊரின் தண்ணீரை அது கிடக்கும் இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பழக்குவார்கள். இல்லாவிட்டால் மட்டி வாயை இறுக மூடிக்கொண்டு செத்துப்போகும். அதற்கென்றே அந்தக் குடம் எப்போதும் ஆற்றில் அமிழ்ந்தே கிடக்கும்.

"தண்ணியக் கொட்டுனானே கப்பல்காரன், அவன் கை விளங்காமப் போக!" வழக்கமான சாபத்தை விட்டுவிட்டு அவள் உட்கார்ந்தாள். தம்பி ஏழுமலை கழியை ஊன்றினான். படகு பாய்ந்தது!

ஆற்றின் குறுக்கே போகும் ஆலையின் ராட்சதக் குழாய்களுக்கு அடியில் தலையைக் குனிந்து நுழைந்தார்கள். உப்பளம் தெரிந்ததும் படகு தரைதட்டியது. இனி நடைதான். முள் கிழித்தது, சேறு முழங்காலை இழுத்தது. திடீரென்று ஏழுமலை இடுப்புவரை அமிழ்ந்தான்!

"அக்கா!"

"ஆடாதடா! ஆடுனா உள்ள போய்டுவ! மல்லாக்கப் படு!"

தேசப்பன் கழியை நீட்டினார். இருவரும் சேர்ந்து இழுத்ததில் அவன் வெளியே வந்து விழுந்தான். அப்போதும் இடுப்புக் குடத்தைப் பச்சையம்மா கீழே விடவில்லை. ஒரு சொட்டு சிந்தவில்லை.

கரைமேட்டில் ஏறினார்கள். துருப்பிடித்து மூடிக்கிடந்த மதகு. ஊர்ப் பக்கத்து ஆற்றுநீரை இத்தனை வருஷமாக உள்ளே விடாமல் தடுத்தது அதுதான். மதகுக்கு உள்பக்கம் அடிமண் தெரியும் தெளிந்த நீர்! பச்சையம்மா இறங்கிக் கையை விட்டாள்.

"ஆழியே இல்லடா ஏழுமல! கையக் கீறவே இல்ல!"

அள்ளிய கை நிறைய மஞ்சள் மஞ்சளாய் மட்டி! அவள் அழுதேவிட்டாள். தேசப்பன் தலைத்துண்டை அவிழ்த்து வானத்தில் வீசினார்.

பிறகு முறைப்படி குடத்துத் தண்ணீரை மட்டிகளின்மேல் சிறிது சிறிதாக ஊற்றினாள். முழுக்க ஊற்றி முடித்துக் குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா... இதப் பாருண்ணா."

உள்பக்கம் முழுக்க எள் ஒட்டியதுபோல் கறுப்புப் புள்ளிகள். நகத்தால் சுரண்டினாள். நூல் விட்டுப் பிடித்துக்கொண்டிருந்தன. காக்கா ஆழிக் குஞ்சுகள். கண்ணுக்குத் தெரிந்தது இவ்வளவு. தெரியாதது எவ்வளவு தண்ணீரோடு போயிற்றோ!

"அள்ளுக்கா! அள்ளிக் கொட்டிடலாம்!" ஏழுமலை இரண்டு கையாலும் தண்ணீரை வாரிக் கரையில் எறிந்தான். மூன்று பேருமே கை ஓயும்வரை வாரினார்கள். ஆனால் ஊற்றிய தண்ணீர் எது, இருந்த தண்ணீர் எது?

"தெரியாமத்தானேண்ணா ஊத்துனேன்" என்றாள்.

"கப்பல்காரன் மட்டும் தெரிஞ்சா ஊத்துனான்?" என்றார் தேசப்பன். அவர் குரலில் கோபம்கூட இல்லை. பச்சையம்மா தன் கையைப் பார்த்தாள். விட்ட சாபமெல்லாம் நினைவுக்கு வந்தது.

கூடை நிறைய மட்டியோடு கரை திரும்பினார்கள். விசில் பறந்தது, மேளம் அடித்தார்கள்! பக்கத்து வீட்டுக் கன்னியம்மா ஓடிவந்து, "இந்தக் கைக்குத் தங்க வளையல் போடணும்டி!" என்று பிடித்தாள். பச்சையம்மா கையை உருவி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"அங்க இன்னும் நெறைய கீதா?"

"இப்ப கீது."

குடத்தைக் கவிழ்த்து வெயிலில் காயவைத்தாள். ஒரு இடத்துத் தண்ணீரை இன்னொரு இடத்துக்கு இனி யாரும் கொண்டுபோகக் கூடாது என்று எல்லோருக்கும் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். கொண்டுபோவதற்குத்தான் இனி வேறு இடமே இல்லை.