ஒத்துப்போகக் கூடாத இலக்கங்கள்

காலை 10.20. குற்றாலம், ஐந்தருவிச் சாலையில் சீசனுக்கு வாடகைக்கு எடுத்த மாடி வீடு. சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு பேர்.

சன்னலுக்கு எதிர் நாற்காலியில் பேராசிரியை அகிலாண்டேஸ்வரி. அவருக்கு வலப்பக்கம், ஏழு வருடமாக அவரிடம் ஆராய்ச்சி செய்யும் விஜயசங்கர். இடப்பக்கம், நான்காம் வருட ஆராய்ச்சி மாணவி முத்துசெல்வி. கடைசியில், கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பெஞ்சமின், முறுக்குத் தட்டோடு. சன்னலுக்கு வெளியே முத்துசெல்வியின் நீல ஸ்கூட்டி சாரலில் நனைந்துகொண்டிருந்தது. பின்பக்க எண் பலகையில் சேறு அப்பி, 4183 என்ற எண் மட்டும் தெரிந்தது.

மேசை நடுவில் ஒட்டிய இரண்டு உறைகள்.

இரண்டு துகள்கள் மோதினால் ஒரு புதுத் துகள் பிறக்க எவ்வளவு வாய்ப்பு? அதைச் சொல்ல, மோதல் நடக்கக்கூடிய விதங்களை ஆயிரத்துச் சொச்சம் படமாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் பக்கம் பக்கமாகச் சமன்பாடு எழுதிக் கூட்ட வேண்டும். கையால் செய்தால் ஆயுசு போதாது. படம் வரைவதிலிருந்து கூட்டுவது வரை கணினியே செய்யும்படி நிரல் எழுதுவதுதான் இவர்கள் வேலை. கடைசிக் கட்டத்தில் கணினி கோடிக்கணக்கான தடவை தாயம் உருட்டுவது போல எண்களை எடுத்துச் சராசரி பார்க்கும். நிரலில் ஒரு குறி பிசகினாலும் விடை தப்பு; தப்பு என்று வெளியே தெரியவும் தெரியாது. அதனால் பேராசிரியை ஒரு வழக்கம் வைத்திருந்தார். இரண்டு பேர், தனித்தனி நிரல். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. விடை உறைக்குள் வர வேண்டும்.

இந்தத் தடவை இன்னொன்றும் சேர்ந்திருந்தது. மும்பை ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் ஒரே ஓர் இடம். அகிலாண்டேஸ்வரியின் பரிந்துரைக் கடிதம் இன்று மூன்று மணிக்குள் தபாலில் சேர வேண்டும். ஒரு பெயர்தான் எழுதலாம்.

முதல் உறையைக் கிழித்தார். விஜயசங்கர்: 3.718462.

இரண்டாவது. முத்துசெல்வி: 3.718462.

"அப்படிப் போடு!" பெஞ்சமின் கை தட்டினார். "அச்சுல வார்த்த மாதிரில்லா இருக்கு. மேடம், பிரியாணி சொல்லிரட்டா?"

அகிலாண்டேஸ்வரி சிரிக்கவில்லை. இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து, கடைசி இலக்கங்களில் விரலை ஓட்டினார்.

"பெஞ்சமின், நீங்களும் நானும் தனித்தனியா கோடித் தடவை தாயம் உருட்டிச் சராசரி எடுத்தா, விடை கிட்டத்தட்ட ஒத்துப்போகும். ஆனா இதுல கடைசி மூணு இலக்கம் வெறும் தாயத்தோட ஆட்டம். அது ஒத்துப்போகவே கூடாது."

முறுக்கு கடிபடும் சத்தமும் நின்றது.

"உங்கள்ல ஒருத்தர் கணக்குப் போடல. ரெண்டு பேரும் லேப்டாப்ப எடுத்துட்டு வாங்க. என் கண் முன்னால ஓட்டுங்க."

"நான் சார்ஜரும் எடுத்துட்டு வாரேன் மேடம்," என்று விஜயசங்கர் இரண்டிரண்டு படியாக மாடி ஏறினான். முத்துசெல்வியும் எழுந்தாள்.

"செல்வி, நீ இரு. எத்தன படம் வந்துச்சு?"

"ஆயிரத்து எழுபத்திரண்டு மேடம்." அவள் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். "நான் பாத்து எழுதல மேடம். சத்தியமா."

"நான் இன்னும் கேக்கவே இல்லியே."

விஜயசங்கர் லேப்டாப்பும் சார்ஜருமாக இறங்கி வந்தான். பிறகு முத்துசெல்வி மேலே போனாள். அடுத்த நிமிடம் மாடியிலிருந்து ஓர் அலறல்.

மணி 10.35. அவள் அறைச் சன்னல் திறந்து கிடந்தது. சன்னலடி மேசையில் லேப்டாப். விசைகளின் இடுக்கில் தண்ணீர் தேங்கி நின்றது. பொத்தானை அமுக்கிப் பார்த்தாள். உயிர் இல்லை.

"சாரலு அடிச்சிட்டு போல," என்றார் பெஞ்சமின். "வேற எங்கயும் ஏத்தி வச்சிருக்கியாம்மா?"

"ஒரு வாரமா நெட்டே சரியில்லயே அண்ணாச்சி. எல்லாம் இதுக்குள்ளதான்."

வாசலில் சாய்ந்து நின்ற விஜயசங்கர், "வசதியாத்தான் நனைஞ்சிருக்கு," என்றான்.

"என்ன பேச்சு பேசுதீங்க!" அவள் சீறினாள். கண் கலங்கிவிட்டது.

அகிலாண்டேஸ்வரி சன்னல் கட்டையில் இருந்த அச்சுத்தாள் அடுக்கைத் தொட்டுப் பார்த்தார். மேல் தாளை விரலால் சுண்டினார். மொடமொடவென்று சத்தம் கேட்டது.

தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் பழுது பார்க்கும் கடைக்கு முத்துசெல்வி ஸ்கூட்டியில் பறந்தாள். இந்தப் பழியோடு ஊருக்குப் போனால் மும்பை மட்டுமல்ல, நாலு வருட ஆராய்ச்சியும் போயிற்று. அது அவளுக்கும் தெரியும், பேராசிரியைக்கும் தெரியும். விஜயசங்கர் ஏழு வருடம் தன் கையால் வளர்த்த பையன். யார் பெயரை எழுதினாலும் கை கூசும்.

விஜயசங்கர் நிரலை ஓட்டினான். தாயத்தைத் தொடங்கி வைக்கக் கணினிக்கு ஓர் எண் கொடுக்க வேண்டும். விதை எண் என்பார்கள். மறந்து போகாத எண்ணாக வையுங்கள் என்று பேராசிரியை எல்லா மாணவர்களிடமும் சொல்வார். அதே நிரல், அதே விதை என்றால் எத்தனை தடவை ஓட்டினாலும் கடைசி இலக்கம் வரை அதே விடை வரும்.

12.35. திரையில் 3.718462.

"பாத்தீங்களா மேடம்? என்னோடது நிக்குது."

பெஞ்சமின் பெருமூச்சு விட்டார். "அப்போ அந்தப் புள்ளதானா? முகத்தப் பாத்தா நம்ப முடியலயே."

அகிலாண்டேஸ்வரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையின் முதல் வரியைப் படித்தார். விதை: 4183.

"இது என்ன எண்ணு, விஜய்?"

"சும்மா... தோணுனது மேடம்."

வெளியே ஸ்கூட்டி சத்தம். முத்துசெல்வி சொட்டச் சொட்ட இறங்கி, வண்டியைப் பழைய இடத்தில் நிறுத்தினாள். அகிலாண்டேஸ்வரி சன்னலைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடியும் சன்னலைப் பார்த்தார்.

"செல்வி, இங்கன வா. உன் விதை எண் என்னம்மா?"

"எங்கப்பா வாங்கிக் குடுத்த வண்டி நம்பர்தான் மேடம். நாப்பத்தொண்ணு எம்பத்தி மூணு."

விஜயசங்கரின் முகம் வெளுத்தது. "வாசல்லயே நிக்குது. மனசுல பதிஞ்சிருக்கும் மேடம்..."

"பதிஞ்சிருக்கட்டும். ரெண்டு பேரு தனித்தனியா எழுதுன நிரல்ல ஒரே விதையப் போட்டாலும் தாயம் வேற வேற மாதிரிதான் விழும். நிரலும் அவளோடது, விதையும் அவளோடது. நேத்து சாயங்காலம் தலவலின்னு நீ மட்டும்தான் வீட்டுல இருந்த. நாங்க மூணு பேரும் அருவிக்குப் போயிருந்தோம். அவ நிரல எடுத்து, உள்ள இருந்த பேரெல்லாம் மாத்தின. விதைய மாத்த மறந்துட்ட."

"லேப்டாப்பு சாரல்ல..."

"சாரல் அடிச்சா சன்னல் கட்டையில இருந்த தாள்தான் முதல்ல நனையும். அது அப்பளம் மாதிரி மொடமொடன்னு இருக்கு. சார்ஜர் எடுக்கப் போன நேரத்துல சன்னலத் திறந்து விட்டுட்டு, தண்ணிய நீதான் ஊத்தின."

விஜயசங்கர் நாற்காலியில் சரிந்தான். "என் நிரல்ல ரெண்டு புள்ளி ஒம்பதுன்னு வந்துது மேடம். எங்க தப்புன்னே தெரியல. ஏழு வருசம் ஆச்சு. வீட்டுல எந்த முகத்த வச்சிக்கிட்டு..."

"ரெண்டு புள்ளி ஒம்பதையே உறையில வச்சிருந்தா, தப்பு எங்கன்னு நாம மூணு பேரும் உக்காந்து தேடிருப்போமே விஜய். அதுக்குத்தானே ரெண்டு உறை?"

முத்துசெல்வி பேராசிரியையின் முன்னால் வந்து நின்றாள். "கடையில ஒண்ணும் தேறாதுன்னுட்டான் மேடம். என் நிரல் போயிட்டு."

பெஞ்சமின் விஜயசங்கரின் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எங்கம்மா போச்சு? இந்தா, இதுக்குள்ள பத்திரமா இருக்கு. களவாண்டதுனாலல்லா பிழைச்சிது!"

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

இரண்டு மணிக்கு அகிலாண்டேஸ்வரி கடிதம் எழுத உட்கார்ந்தார். முத்துசெல்வியின் பெயரை எழுதினார். அவள் நிரலைப் பற்றி மனதார நாலு வரி எழுதினார். பிறகு பேனா நின்றது. இரண்டாவது கணக்கு என்று ஒன்று நடக்கவே இல்லை. அவள் விடை சரியா தப்பா என்று இந்த உலகத்தில் இன்னும் யாருக்கும் தெரியாது. விஜயசங்கர் அவளிடமிருந்து திருடியது அந்தச் சரிபார்ப்பையும்தான்.

"செல்வி, உன் விடைய இன்னும் யாரும் சரிபார்க்கலன்னு எழுதப் போறேன். இடம் கிடைக்காமக்கூடப் போகலாம்."

அவள் துப்பட்டா முனையைப் பிழிந்துகொண்டே யோசித்தாள். "உள்ளதுதானே மேடம். எழுதுங்க."

எழுதினார். மடித்து உறைக்குள் வைத்தார். பசையைத் தடவி, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினார். பெஞ்சமின் உறையை ஒரு பாலித்தீன் பையில் சுற்றிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, குடையை விரித்துச் சாரலில் இறங்கினார். மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தபால் நிலையத்தில் அதன் மேல் முத்திரை விழுந்தது.