மூன்றாவது சிவப்பு மூடி

ஊசி போடும் பாட்டிலில் மூன்று சிவப்பு மூடிகள் கிடந்தன. இரண்டுதான் கிடக்க வேண்டும்.

சிந்துஜா பாட்டிலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அது பழைய தண்ணீர் பாட்டில். லட்டுவுக்குப் போட்ட இன்சுலின் ஊசிகளை மூடியோடு அதற்குள் போட்டு, நிரம்பியதும் மருந்துக்கடையில் கொடுத்துவிடுவார்கள். நேற்று சாயங்காலம்தான் புதுப் பாட்டில் வைத்தாள். அப்போது அவள் போட்டது ஒன்று. இன்று காலை ஏழு மணிக்குச் செழியன் போட்டது ஒன்று. இந்த மூன்றாவது எங்கிருந்து முளைத்தது?

செழியனுக்கு ஃபோன் போட்டாள். கலெக்டர் ஆபீஸுக்கு எதிரில் மனு டைப் அடித்துக் கொடுக்கும் கடை அவனுடையது. பின்னால் பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது.

"ஏங்க, பாட்டில்ல மூணு ஊசி இருக்கே?"

"காலைல ஒண்ணு வளைஞ்சு போச்சு சிந்து. வேற எடுத்தேன்."

அவ்வளவுதானே. இதற்குப் போய் ஃபோன் போட்டோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் பாட்டிலைக் கீழே வைக்கும் முன் இன்னொரு தடவை பார்த்தாள். வளைந்த ஊசியில் மூடி ஏறாது. மூன்று ஊசியிலும் மூடி நேராகத்தான் ஏறியிருந்தது.

லட்டு எட்டு வயது ஆரஞ்சுக் கடுவன் பூனை. போன மழைக்காலத்தில் வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தது. அது ஒன்றுக்குப் போன மிதியடியில் எறும்பு மொய்த்ததைப் பார்த்துப் பதறி, வேலூர் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சர்க்கரை நோய் என்றார். லட்டு என்று பேர் வைத்தால் வேறு என்ன வரும் என்று வேங்கிக்காலில் அவர்கள் குடியிருந்த நகர் முழுக்கச் சிரித்தது. சிந்துஜா சிரிக்கவில்லை. பிள்ளையில்லாத வீட்டில் அவளுக்கு வாய்த்த உயிர் அது. காலை ஏழு, சாயங்காலம் ஏழு. காது ஓரத்தை வெதுவெதுப்பான துணியால் ஒற்றி, ஊசி முனையால் ஒரு பொட்டு ரத்தம் எடுத்து மீட்டரில் பார்க்க வேண்டும். பிறகு பிடரித் தோலை இரண்டு விரலால் கூடாரம் மாதிரி தூக்கி மருந்தை ஏற்ற வேண்டும். அறுபதுக்குக் கீழே போனால் உயிர் தங்காது, உடனே ஈறில் தேன் தடவுங்கள் என்று டாக்டர் இரண்டு முறை சொல்லியிருந்தார்.

கோயில் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் அவளுக்கு ரிசப்ஷன் வேலை, இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை. அதனால் சாயங்கால ஊசி அவளுடையது, காலை ஊசி அவனுடையது. அவள் குத்தினால் லட்டு ஊரைக் கூட்டும். செழியன் கை வேறு கை. முதல் நாள் தன் தொடையிலேயே குத்திப் பழகினவன். "ஒண்ணுமில்லடா தங்கம், முடிஞ்சிடுச்சு" என்று அவன் முணுமுணுத்து முடிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும், தூங்குகிற பூனை முழிக்கக்கூடச் செய்யாது. பிறகு வேகவைத்த கோழித் துண்டு ஒன்று, சமத்தாக இருந்ததற்கு. அதைப் பார்க்கும்போதெல்லாம் இப்படி ஒருத்தன் யாருக்குக் கிடைப்பான் என்று அவள் மனசு நிறைந்து போகும்.

அவளையும் அவன் அப்படித்தான் பார்த்துக்கொண்டான். காலை ஒன்பதுக்கு அவள் வந்ததும் பெருங்காயம் போட்ட மோர் தருவான், குடித்து முடிக்கும்வரை நின்று பார்ப்பான், அவள் படுத்த பிறகுதான் கடைக்குக் கிளம்புவான். மதியம் வீட்டுக்கு வருவதில்லை, டிபன் பாக்ஸ் கொண்டுபோய்விடுவான். ஐந்து மணிக்கு அவள் எழும்போது தலையணைப் பக்கத்தில் ஒரு கடலை மிட்டாய் இருக்கும். இந்த ஒரு வாரமாகத்தான் இந்தப் பழக்கம். இந்த ஒரு வாரமாகவே நைட்டி நனைய வியர்த்து, கை நடுங்கி, அகோரப் பசியோடு எழுந்துகொண்டிருந்தாள். அந்த மிட்டாய் வாயில் கரைந்த பிறகுதான் கண் தெளியும். அவனுக்கு எப்படித்தான் தெரிகிறதோ என்று நினைத்துக்கொள்வாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் லாட்ஜைப் பெருக்க வந்த கன்னியம்மாள் டீயை நீட்டிக்கொண்டே அவள் முகத்தருகே குனிந்தாள்.

"இன்னாம்மா, காது ஓரத்துல புள்ளி புள்ளியா? எறும்பு கட்ச்சிதா?"

"இருக்கும்க்கா. பூனையால வீட்டுல எறும்பு ஜாஸ்தி."

அன்று சாயங்காலம் பாட்டிலில் ஆறு மூடிகள். வளைந்ததாகச் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்துதான் வர வேண்டும்.

இந்த முறை அவள் ஃபோன் போடவில்லை. மீட்டரை எடுத்துப் பின்னோக்கும் பொத்தானை அழுத்தினாள். அதில் பழைய கணக்கெல்லாம் தேதியோடு, மணியோடு இருக்கும். காலை ஏழுக்கு இருநூற்றுத் தொண்ணூறு. அது லட்டு. அதற்குப் பிறகு மதியம் பன்னிரண்டு பத்துக்குத் தொண்ணூற்றெட்டு. மூன்றரைக்கு ஐம்பத்தெட்டு.

மறுபடி அழுத்தினாள். முந்தின நாளும் அதே நேரங்கள், அறுபத்து நான்கு. அதற்கு முந்தின நாள் எழுபத்தொன்று. ஒரு வாரமாக, தினமும் மதியம் யாரோ ரத்தம் பார்த்திருக்கிறார்கள். தினமும் சர்க்கரையை இன்னும் கொஞ்சம் இறக்கியிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. வீட்டுச் சாவி இரண்டு பேரிடம்தான் இருக்கிறது.

இரண்டு வாரம் முன்பு, இன்சுலின் வாங்கின பில்லைப் பார்த்துக்கொண்டே, "எத்தனை நாளைக்கு இப்படியே ஓட்டறது?" என்று கேட்டானே, அது இதற்குத்தானா? பூனையைக் கொல்லப் பார்க்கிறான். தங்கம் தங்கம் என்று கொஞ்சிக்கொண்டே கொல்லப் பார்க்கிறான். லட்டுவை மடியில் போட்டு அவள் அழுதாள். அழுகையை மீறிக் கோபம் வந்தது. பன்னிரண்டு வருஷம் இந்தக் கையை நம்பித்தானே தூங்கினேன். லட்டுவின் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் புதுக் காயம் எதுவும் தெரியவில்லை. அவ்வளவு மெல்லிய கை. கேட்டால் சிரிப்பான், அந்தச் சிரிப்பில் தான் கரைந்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். கேட்கக் கூடாது. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை மோர் தந்தான். குடித்தாள். நின்று பார்த்தான். டம்ளரை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தான். ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை தாண்டித் தேய்ந்தது. லட்டு கால்மாட்டில் சுருண்டுகொண்டது. அதன் வயிற்றுச் சூடு பாதத்தில் பட, தூங்குகிற மாதிரி கண்ணை மூடி ஒருக்களித்துப் படுத்தாள்.

பக்கத்து மனையில் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டிலிருந்து ஈரச் சிமெண்ட் வாடையும், கொத்தனார் கரண்டி செங்கல்லில் உரசும் ஓசையும், எங்கோ போர் மோட்டார் இரைவதும், அடுப்படிக் குழாய் ஐந்து எண்ணுவதற்கு ஒரு முறை சொட்டுவதும், எல்லாம் சேர்ந்து அவளைக் கீழே கீழே அழுத்தின. உதட்டைக் கடித்துக்கொண்டாள். வலித்தது, ஆனால் தூரத்தில் வலித்தது. இது தூக்கம் மாதிரி இல்லையே. ஈரச் சாக்கைப் போட்டு மூடின மாதிரி இருக்கிறதே. கையைத் தூக்க நினைத்தாள். கை மெத்தையிலேயே கிடந்தது.

மோர்.

அந்த நினைப்பு வந்தது. அதற்கு மேல் நகரவில்லை.

கரண்டி ஓசை நின்றிருந்தது. சாப்பாட்டு நேரம். கேட்டின் கொக்கி சத்தமில்லாமல் தூக்கப்பட்டது, காற்று மட்டும் மாறியது. ஃப்ரிட்ஜ் கதவு. பிறகு மருந்துக் குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டும் சத்தம். கல்யாண மோதிரம் கண்ணாடியில் டிக், டிக் என்று தட்டியது.

ஸ்பிரிட் வாடை அறைக்குள் வந்தது.

லட்டு உறுமத் தொடங்கியது. சந்தோஷ உறுமல். ஓடுடா. ஓடிப் போடா. வாய் அசையவில்லை. கால்மாட்டில் மெத்தை அழுந்தும் என்று காத்திருந்தாள்.

அழுந்தவில்லை.

தலைமாட்டில் அழுந்தியது.

வெதுவெதுப்பான துணி. அவள் காதில்.

ஒற்றினான். பொறுமையாக. ஒரு பக்கம். மறு பக்கம். குத்தினதே தெரியவில்லை. மீட்டர் பீப் என்றது. ஏதோ நோட்டின் தாள் புரண்டது, பேனா ஓடியது. லட்டு நடந்து வந்து அவள் காது ஓரத்தைச் சொரசொரப்பான நாக்கால் நக்கியது.

"ஒண்ணுமில்லடா தங்கம்."

பிடரித் தோலை இரண்டு விரல் தூக்கியது.

"முடிஞ்சிடுச்சு."

பிறகு சிமெண்ட் வாடை. குழாய்ச் சொட்டு. ஐந்து எண்ணினாள். நான்குவரைதான் எண்ண முடிந்தது. மூன்றுவரை. வியர்வை கழுத்தில் ஓடியது. உடம்பு தனியாக நடுங்கியது. எவ்வளவு நேரம், தெரியாது.

மறுபடி ஃப்ரிட்ஜ் கதவு. துணி. பீப்.

"நாப்பத்தொண்ணு" என்றான் செழியன், மனுவில் எழுதப்போகும் தேதியைச் சொல்லிப் பார்க்கிற குரலில். பேனா ஓடியது.

கோழி வாடை அடித்தது. லட்டு மென்று தின்றது.

அடுத்தது தனக்கு. அவள் வாய் ஊறியது. வெட்கமில்லாமல் ஊறியது. மிட்டாய்க் கவர் அவள் காதருகில் கசங்கியது. அங்கேயே நின்றது. அவன் பார்த்துக்கொண்டிருந்தான், அவள் மோர் குடித்து முடிக்கும்வரை பார்ப்பானே, அதே மாதிரி.

கவர் மறுபடி கசங்கியது. அவன் சட்டைப் பைக்குள் போனது.

கதவை மெல்லச் சாத்தினான். லட்டுவின் உறுமல் அவன் காலோடு அடுப்படிப் பக்கம் போயிற்று.