அரைக் கரண்டி

மருந்து போட்டு மூன்று நாளான தண்ணீரில் எதுவும் நெளியக் கூடாது. காலையில் ஜெயமணி குளியலறைத் தொட்டியின் பலகையை விலக்கியதும், அவளுடைய நிழல் விழுந்த இடத்தில் தண்ணீர் நடுங்கி, நூல் துண்டுகளாக நூற்றுக்கணக்கான புழுக்கள் அடிக்கு இறங்கின.

மலேசியாவில் மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தின் இருபத்திரண்டு வீட்டுத் தொட்டிகளுக்கும் கொசு மருந்து மணல் போடுவது அவள் வேலை. வீட்டுக்கு ஒரு கரண்டி. "அக்கா, கொஞ்சமா போடுங்க லா, தேத்தண்ணியெல்லாம் நாறுது," என்று பக்கத்து வீட்டுக் கோமளா கேட்டதிலிருந்து, இரண்டு வருடமாக எல்லோருக்கும் அரைக் கரண்டிதான். நல்ல பெயர் கிடைத்தது. அரைக் கரண்டிக்கு முக்கால்வாசிப் புழுக்கள் செத்தன. தப்பியவை கொசுவாகி, அதே தொட்டிகளில் முட்டையிட்டன. ஒவ்வொரு மாதமும் தப்பியவை கூடின. ஜெயமணி அதைப் பார்த்தாள். பார்த்தும் அரைக் கரண்டியே போட்டாள்.

இப்போது அவளுடைய மகள் தேவமலர் நாலு நாள் காய்ச்சலில் கிடந்தாள். மாலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வேன் வரும். அதுவரை பிள்ளையை இன்னொரு கொசு தொடக் கூடாதென்று, காலையிலேயே கொசுவலையைப் பாய்க்கடியில் இறுக்கிச் செருகியிருந்தாள்.

தொட்டியில் முழுக் கரண்டி போட்டாள். கெட்ட முட்டை நாற்றம் ஈரச் சுவரில் அப்பிக்கொண்டது. மதியம் பார்த்தாள். நெளிந்தன. மருந்துப் பையில் மீதியிருந்ததையும் கொட்டினாள். ஐந்து மணிக்குப் பார்த்தாள். வெள்ளை மணலுக்கு மேலே நின்று, வாலை நீட்டி மூச்சு வாங்கின. இந்த முறை நிழலுக்கும் இறங்கவில்லை.

தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினாள். தண்ணீர் வடிந்தது. ஈரச் சிமெண்டில் அவை துடித்தன. அப்பாடா என்றிருந்தது.

"அக்கா," சுவருக்கு அந்தப் பக்கம் கோமளாவின் குரல். "எங்க தொட்டியில என்னமோ நெளியுது லா."

அதற்கடுத்த வீட்டில் மீனம்மாவின் குரல். "இங்கயும் தான்."

இருபத்திரண்டு தொட்டி. இரண்டு வருடம். தன் கையால் வளர்த்தது.

அறைக்கு ஓடினாள். சன்னல் சாத்திய இருட்டு. மெல்லிய ரீங்காரம். வலை காலையில் வெள்ளையாக இருந்தது. இப்போது கறுத்திருந்தது.

உள்பக்கமாக.

"மலரு?"

"அம்மா," குரல் தெளிவாக இருந்தது. "இப்ப கடிக்கிறதே தெரியல மா."

வலைக்குள்ளிருந்து கை நீண்டது. விரல் நுனி முதல் முழங்கை வரை, தோலே தெரியாமல், வெள்ளைக் கோடு போட்ட கொசுக் கால்கள்.