அவிழ்த்த கட்டு

கிட்ட வாருங்கள் பிள்ளைகள், காலை நீட்டி ஆறுதலாக இருங்கள். ஒரு நெஞ்சின் கதை சொல்கிறேன்.

கொடிகாமத்துக்கு அங்கால் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. மதியம் இரண்டு மணி, உடம்பை அவிக்கிற வெக்கை. கட்டிலில் இருந்த முத்துக்குமாரு மூச்சு வாங்காமல் கதைத்துக்கொண்டிருந்தார். டொக்டர் பிரதீபாவுக்கு முதலில் உறுத்தியது அதுதான். முந்தநாள் அவருடைய லான்ட்மாஸ்டர், அந்த இரண்டு சில்லு உழவு இயந்திரம், சறுக்கி, அதன் பிடி அவர் நெஞ்சைப் பனையோடு வைத்து நெரித்திருந்தது. அப்படி நெரிபட்டவர் ஒரு வசனத்துக்கு மூன்று தரமாவது நின்று மூச்செடுக்க வேண்டும்.

"நோகுதோ ஐயா?"

"எனக்கோ? லான்ட்மாஸ்டரைக் கேளுங்கோ பிள்ளை, அதுக்குத்தான் நோ."

நெஞ்சைச் சுற்றி, நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியார் நோவெண்ணெய் பூசி இறுக்கிய வேட்டிக்கட்டு. அதன் புளித்த மூலிகை நாற்றம் அறையெல்லாம் நிறைந்து அவளுடைய தொண்டையில் பிசின்போல ஒட்டியது. கட்டை அவிழ்க்கக் கை வைத்தாள். மனைவி சின்னாச்சி மறித்தார்.

"அவிழ்க்காதேங்கோ பிள்ளை. மூண்டு நாள் முடியட்டும் எண்டு பரியாரியார் சொன்னவர்."

"அவிழ்க்காட்டி ஆள் தப்பாது அம்மா."

அவிழ்த்தாள். இடப்பக்க நெஞ்சு அசையவில்லை. கழுத்து நரம்புகள் புடைத்து, மூச்சுக்குழாய் வலப்பக்கம் தள்ளிக் கிடந்தது. தோலை அழுத்தினால் அடியில் அப்பளம் நொறுங்குகிற சத்தம். விரலால் தட்டினாள், வெறுந்தகரச் சத்தம். உள்ளே அடைபட்ட காற்று இதயத்தை நெரிக்கிறது. ஊசி குத்தி அதை வெளியேற்றச் சில நிமிடங்களே உண்டு. பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மரத்த கையோடு ஸ்ரெதஸ்கோப்பை வைத்தாள்.

இடப்பக்கம் சத்தமில்லை. அது எதிர்பார்த்ததுதான்.

வலப்பக்கம். அங்கேயும் இல்லை. ஆனால் முத்துக்குமாரு கதைத்துக்கொண்டேயிருந்தார்.

"வெங்காயத்துக்கு இறைக்கவேணும் பிள்ளை மாடு கயித்தை அறுத்திருக்கும் பிள்ளை நான் போகட்டோ பிள்ளை..."

இடப்பக்க நெஞ்சில் ஊசியை ஏற்றினாள். உஸ் என்றது.

காற்று வெளியே வரவில்லை. உள்ளே போனது.

மேசைக் கடதாசிகள் பறந்து வந்து அவர் நெஞ்சில் ஒட்டின. யன்னல் சீலைகள் கட்டிலை நோக்கி நீண்டு நின்றன. சின்னாச்சி வாயைத் திறந்தார். அழுகை ஊசிக்குள் போனது. பிரதீபா கையை இழுத்தாள். வரவில்லை. குனிந்து பார்த்தாள். அவளுடைய நெஞ்சு குழிந்துகொண்டிருந்தது. இடப்பக்கம். பிறகு வலப்பக்கம்.

நோகவில்லை.

முத்துக்குமாருவின் நெஞ்சு மெல்ல உயர்ந்தது. உயர்ந்துகொண்டேயிருந்தது.

உங்கள் வீட்டில் படுக்கிற எல்லாருடைய நெஞ்சும் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, சுகமாய் விடியட்டும் என்ரை செல்லங்கள்.